குணமானவர் பெட்டியில் முப்பத்தெட்டுப் பேர்

ரிஜிஸ்டர் அக்காவின் கையெழுத்தைப் பார்த்தால் அச்சகத்துக்காரருக்கே பொறாமை வரும். முத்து முத்தாக, ஒன்றோடொன்று இடிக்காமல், கோட்டை விட்டு இறங்காமல் நிற்கும். பெரிய ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த எழுத்து அது. அங்கே ஆட்குறைப்பு வந்தபோது மேலதிகாரி கூப்பிட்டு, போதை ஊசிக்காரர்களுக்கான மையத்தில் எழுத ஆள் வேண்டுமாம், கேட்டவர்கள் எல்லாரும் மாட்டேன் என்கிறார்கள் என்றார். எல்லாரும் மாட்டேன் என்கிற இடத்துக்குத்தான் தன்னை அனுப்புவார்கள் என்பது அக்காவுக்குத் தெரியாதா என்ன? மறுநாளே டிஃபன் டப்பாவோடு போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்காரர் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். ஒரு நாளைக்கு இருநூறு தடவை மேலே போகிறேன், சம்பளம் மட்டும் தரைத்தளத்திலேயே நிற்கிறது என்று தானே சொல்லித் தானே சிரிப்பார். மனைவி எங்கே வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" ஐந்தரைக்கு என்றதும், "அப்ப காப்பி நானே போட்டுக்கறேன்" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றி விவாதம் கிடையாது.

மையம் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை பண்ண வேண்டாம். டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. முன் அறையில் ஒரு நீள பெஞ்சு, கம்பி போட்ட ஜன்னல், அதற்கு உள்பக்கம் அக்காவின் மேஜை. பின் அறையில் மருந்து அலமாரி, எடை பார்க்கும் இயந்திரம், பழைய ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா. கதவைத் திறந்தால் ரப்பர் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் சேர்ந்து வந்து மூக்கில் ஏறும். ஒரு ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் போதையோடு எச்.ஐ.வி.யும் நாலு உடம்புக்கும் போகும் என்பதால், பழைய ஊசி கொண்டு வருகிறவருக்கு அங்கே புது ஊசி கொடுப்பார்கள். ஊசியையே விட்டுவிட நினைக்கிறவருக்கு தினமும் காலையில் ஒரு மாத்திரை. அதை நாக்குக்கு அடியில் வைத்து, பேசாமல், விழுங்காமல், ஐந்து நிமிஷம் கரைய விட வேண்டும். அந்த மாத்திரை உள்ளே இருந்தால் உடம்பு நடுங்காது, ஹெராயின் பவுடரைத் தேடி ஓடாது, வேலைக்குப் போகும். ரத்தத்தில் கிருமி உள்ளவர்களுக்கு அதற்கான மருந்தும் அங்கேயே.

காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் முதல் ஆளாக வெல்டர் நிற்பார். கேட் பட்டறையில் வேலை, எட்டு மணிக்குத் தீ பற்ற வைக்க வேண்டும். மூன்று வருஷமாக ஊசி தொடாதவர். மாத்திரை கரைந்ததும் வாயை ஆவென்று திறந்து காட்டுவார், அக்கா எட்டிப் பார்த்து டிக் போடுவார். "பல் டாக்டர்கிட்ட போனாக்கூட இவ்ளோ தடவை வாயைத் திறந்திருக்க மாட்டேன்க்கா" என்பார் அவர். இப்படி நூற்று அறுபத்து மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் வீட்டில் யார் யார், வேலை எங்கே, எந்தக் கிழமை சம்பளம், எந்த மாதிரி துக்கம் வந்தால் மறுபடி கை நடுங்கும் என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். ரிஜிஸ்டரில் அதற்கெல்லாம் கட்டம் இல்லாததால் மனத்தில் வைத்திருந்தார்.

கட்டம் இருந்தது வேறு ஒன்றுக்கு. மையத்துக்கு வருவதை ஒருவர் நிறுத்திவிட்டால், ஏன் என்று ஓர் எண்ணால் எழுத வேண்டும். ஒன்று, குணமாகி விடைபெற்றார். இரண்டு, வேறு மையத்துக்கு மாறினார். மூன்று, இறந்தார். நான்கு, வருவதில்லை, காரணம் தெரியாது.

நான்கு வருஷத்துக்கு முன் முதல் சாவு வந்தபோது அக்கா ஒழுங்காக மூன்று என்றுதான் எழுதினார். பத்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தப் பையனின் வீட்டுக்கு ஒரு கடிதம் போனது. கவரின் மேலேயே, தபால்காரர் முதல் மாடிவீட்டுக்காரர் வரை எல்லாரும் படிக்கும்படி, 'போதைப் பழக்கத்தால் ஏற்பட்ட இறப்பு பற்றிய விசாரணை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. எந்த மகானுபாவன் அதை வடிவமைத்தானோ தெரியாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தப் பையனின் தங்கைக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது. அப்பா வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். திட்டவில்லை. "ஏம்மா, காய்ச்சல்ல போனான்னுதான் சொல்லியிருந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றோடு அக்கா மூன்றை விட்டார். அடுத்து ஒரு பெண் இறந்தாள், நான்கு. அடுத்து ஒரு டிரைவர், நான்கு. வீட்டு ஆட்கள் வந்து மெதுவான குரலில் சேதி சொல்வார்கள், "எழுதிடாதீங்கம்மா" என்பார்கள், அக்கா தலையாட்டுவார். செத்தவர் திரும்பி வந்து மறுப்புத் தெரிவிக்கப் போவதில்லை, இருப்பவர்களாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்பது அவர் கணக்கு. வெள்ளை மனசு என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் வெள்ளை மனசுக்காரர்கள் செய்கிற தப்பு சின்னதாக இருப்பதே இல்லை என்பது என் அனுபவம்.

வாரத்தில் மூன்று நாள் வரும் டாக்டரம்மா ஒரு விஷயம் சொல்லியிருந்தார். இந்தப் பவுடர் தினமும் போடுகிறவரைவிட, போடாமல் ஆறேழு மாதம் சுத்தமாக இருந்துவிட்டு ஒரே ஒரு நாள் தடுமாறுகிறவரைத்தான் முதலில் கொல்லும். உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், கைக்குப் பழைய அளவு மறந்திருக்காது. அக்காவின் நான்குகளில் பெரும்பாலானவை அப்படிப் போனவைதான். கடைசிப் பரிசோதனைகள் எல்லாம் சுத்தம், எடை கூடியிருக்கும், முகம் தெளிந்திருக்கும், அப்புறம் ஒரு நாள் சேதி வரும்.

இது நிற்க. நான்காவது வருஷம் தலைமை அலுவலகத்தில் பணம் குறைந்தது. ஒன்பது மையத்தையும் நடத்த முடியாது, எதை வைப்பது எதை மூடுவது என்று சண்டை. ஆளுக்காள் கத்துவதைவிடக் கணக்கையே கேட்டுவிடலாம் என்று யாரோ சொல்ல, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கணித ஆராய்ச்சியாளரைக் கூட்டி வந்தார்கள். முப்பத்தைந்து வயசு இருக்கும், சட்டைப் பையில் எப்போதும் கசிந்த பேனா. எல்லா மைய ரிஜிஸ்டர்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அக்காவின் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்படி எழுதினா என் வேலை பாதியாக் குறையும்க்கா" என்றார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்றிலிருந்து அவர் கணக்குத் தம்பி.

மூன்று மாதம் கழித்துக் கூட்டம். தலைமை அலுவலகத்தின் குளிர் அறை, திரை, எல்லா மையத்துக்காரர்களும். கணக்குத் தம்பி திரையில் வரிசையாகப் பெட்டிகள் வரைந்து காட்டினார். ஊசி போடுகிறவர் ஒரு பெட்டி. ஊசியும் கிருமியும் சேர்ந்தவர் ஒரு பெட்டி. மாத்திரையில் இருப்பவர், குணமானவர், இறந்தவர் என்று ஆளுக்கொரு பெட்டி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. தொட்டியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் போகிற மாதிரி மக்கள் போவார்கள், எந்தக் குழாய் வழியாக எவ்வளவு வேகத்தில் போகிறார்கள் என்பதை ரிஜிஸ்டர் சொல்லும், அதை வைத்து அடுத்த பத்து வருஷத்தை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். போதையும் கிருமியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பரவுவதால் ஒன்றுக்கு வைத்தியம் பார்த்தால் இன்னொன்றும் அசையும், இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்றும் சொன்னார். அக்காவுக்குப் புரிந்தது. புரிகிற மாதிரிதான் அந்தப் பிள்ளை சொன்னார்.

அப்புறம் ஏழாம் மையம் வந்தது. அக்காவின் மையம். திரையில் புது எச்.ஐ.வி. தொற்றைக் காட்டும் கோடு மேலே ஆரம்பித்து, சறுக்கு மரத்தில் இறங்குகிற மாதிரி இறங்கித் தரையைத் தொட்டது. "ஒன்பது மையத்துல இங்கதான் குணமாகற வேகம் ரொம்ப அதிகம்" என்றார் கணக்குத் தம்பி. அறை கைதட்டியது. இயக்குநர் எழுந்து, "ஏழாம் மையத்துல தீ அணைஞ்சாச்சு. தண்ணி வண்டியை எரியற தெருவுக்கு அனுப்பறதுதானே நியாயம்?" என்றார். ஏழாம் மையத்தை மூடிவிட்டு, ஆட்களை ஆற்றுக்கு அந்தப்பக்கம் உள்ள மூன்றாம் மையத்துக்கு மாற்றுவது என்று முடிவு. அது இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம், திறப்பதே ஒன்பதரைக்கு.

அக்கா கைதட்டவில்லை. குணமானவர் பெட்டியின் மேல் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று என்று அவர் தன் கையால் எழுதியது இந்த நாலு வருஷத்தில் மூன்றே மூன்று பேருக்கு. மீதி முப்பத்தெட்டு எங்கிருந்து வந்தது?

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் கணக்குத் தம்பியைப் பிடித்தார். "தம்பி, நாலுன்னு எழுதினவங்களை எந்தப் பெட்டியில போட்டீங்க?"

"அதுல ஒரு விதி வெச்சிருக்கேன்க்கா. வராம நின்னவங்க கடைசி ஆறு மாசமும் சுத்தமா இருந்தா, குணமாகித்தான் நின்னிருப்பாங்கன்னு எடுத்துக்கிட்டேன். வேற ஊர்ல பண்ணின ஆராய்ச்சியில அப்படித்தான் வந்திருக்கு. ஏன்?"

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவங்க செத்துட்டாங்க தம்பி. முப்பத்தெட்டுப் பேரும். எனக்குத் தெரியும். நான்தான் நாலுன்னு எழுதினேன்."

அந்தப் பிள்ளை அக்காவைத் திட்டியிருக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், இங்கே ஏட்டில் எழுதிய நாலு ஒரு மையத்தையே விழுங்கப் பார்க்கிறது. ஆனால் அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, கசிந்த பேனாவைக் கையில் உருட்டினார். "நீங்க சொல்றதை நான் நம்பறேன்க்கா. ஆனா நான் நம்பறது போதாது. எழுத்துல வேணும். வீட்டு ஆளுங்க கையெழுத்துப் போட்டுத் தந்தா, இருபது பேருக்கு மேல இருந்தா, மறுபடி ஓட்டலாம். அறிக்கை குடுக்க இன்னும் ஆறு வாரம் இருக்கு."

"மறுபடி ஓட்டினா மையம் நிக்குமா?"

"செத்தவங்களைக் குணமானவங்கன்னு போட்டதுனாலதானே கோடு இறங்கிச்சு? எடுத்துட்டா ஏறணும்" என்றார்.

அந்த 'ஏறணும்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அக்கா ஆறு வாரம் தெருத் தெருவாக நடந்தார். எழுதாதீங்க என்று கேட்டுக்கொண்டவர்களிடமே போய், எழுதித் தாருங்கள் என்று நிற்பது எப்படிப்பட்ட பிழைப்பு என்று நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. ஒரு வீட்டில் அண்ணன்காரர், "எங்களுக்கு அப்படி ஒரு தம்பியே கிடையாது" என்றார், பின்னால் சுவரில் அந்தத் தம்பி படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். முதல் சாவின் அப்பா, அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்தவர், வழியில் அக்காவைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் கடந்து போய்விட்டார். பத்து நாளில் ஒரு கையெழுத்துகூடத் தேறவில்லை. வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டின்போது, "உன் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்" என்றார், மறுநாள் தானே போய்ப் புதுச் செருப்பு வாங்கி வந்து வாசலில் வைத்தார்.

பதினோராம் நாள் தையல்காரம்மாவிடம் போனார். அந்த அம்மாவுக்கு ஒரே மகன். எட்டு மாதம் சுத்தமாக இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மதியம் குளியலறையில் விழுந்து கிடந்தவன். ஊருக்கு, மாரடைப்பு என்று சொல்லியிருந்தார்கள். இருபத்தாறு வயசு மாரடைப்பை ஊரும் மரியாதையாக நம்பிக்கொண்டது. தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சட்டைக் கையின் ஓரம் முழுவதும் அடித்து முடித்து, நூலைப் பல்லால் கடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"நான் கையெழுத்துப் போட்டா எத்தனை பேருக்கு அந்த மாத்திரை கிடைக்கும்?"

"நூத்தி அறுபத்து மூணு பேருக்கும்மா."

"என் புள்ள பேரு போகட்டும். அவனுக்கு இனிமே பேரு எதுக்கு? இன்னொருத்தி புள்ளையாவது நிக்கட்டும்" என்றார். கையெழுத்தைக் கோணல்மாணலாகப் போட்டார். போட்டுவிட்டு, வேறு யார் யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டார். பெயரைச் சொல்லக் கூடாதே என்று அக்கா தயங்கியபோது, "நீங்க சொல்ல வேணாம். எங்களுக்குள்ள எங்களைத் தெரியும்" என்றார்.

உண்மைதான். அந்த அம்மாக்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள், அறியாத மாதிரி நான்கு வருஷம் ஒரே கடையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா ஒரு வீட்டுக்குப் போனால் இரண்டு கையெழுத்தோடு வருவார். அவர் மட்டும் பதினொன்று கொண்டு வந்தார். ஆறு வாரம் முடிவதற்கு மூன்று நாள் முன்னால், இருபத்தாறு கையெழுத்துகளை அக்கா ஒரு கோப்பில் வைத்துக் கட்டி, கணக்குத் தம்பியின் மேஜையில் வைத்தார். வைத்த கையால் ரிஜிஸ்டரைத் திறந்து, இருபத்தாறு நான்குகளை அடித்து இருபத்தாறு மூன்றுகள் எழுதினார். அன்றைக்கு மட்டும் எழுத்து கொஞ்சம் கோட்டை விட்டு இறங்கியது.

விதிப்படி இருபத்தாறு கடிதங்கள் இருபத்தாறு வீடுகளுக்குப் போயின. கவரின் மேல் அதே கொட்டை எழுத்து. தையல்காரம்மாவிடம் வழக்கமாகத் துணி கொடுக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த மாதம் வரவில்லை. அதை அவர் அக்காவிடம் சொல்லவில்லை, அக்காவாகத் தெரிந்துகொண்டதுதான்.

ஒரு வாரம் கழித்துக் கணக்குத் தம்பி கூப்பிட்டனுப்பினார். அவர் அறை சின்னது, இரண்டு நாற்காலி, ஒரு கணினி, சுவர் முழுக்க எழுதி அழித்த பலகை. அக்கா உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தார். அக்கா குடிக்காமல் மேஜையில் வைத்தார்.

"கோடு ஏறுச்சா தம்பி?"

"ஏறுச்சுக்கா. முதல் ரெண்டு வருஷம் ஏறுது. அப்புறம் மறுபடி இறங்குது. முன்ன இறங்கினதைவிட வேகமா."

"ஏன்?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார், அப்புறம் எதையும் காட்டாமல் திரையை அணைத்துவிட்டார். "முன்ன, உங்க ஆளுங்க குணமாகிப் போறாங்கன்னு நினைச்சு மையம் தேவையில்லன்னு சொல்லிச்சு. இப்ப, உங்க ஆளுங்க சாகறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. கேட்ட கேள்வி என்னன்னா, பத்து வருஷத்துல புதுசா எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. வரும், அதை எப்படிக் குறைக்கிறது, அவ்ளோதான்." அவர் நிறுத்தினார். "செத்தவங்க யாருக்கும் தொத்த வைக்க மாட்டாங்கக்கா. மையத்தை மூடினா சாவு கூடும். சாவு கூடினா தொத்து குறையும். அதனால மூடச் சொல்லுது. முன்னவிட அழுத்தமாச் சொல்லுது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது அதைவிட மோசம். குரங்குக்காவது உயிர் இருக்கும்.

அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கத்தினார். "என்னய்யா கணக்கு இது? ஆள் செத்தா லாபம்னு சொல்ற கணக்கு ஒரு கணக்கா?"

"கணக்கு தப்பில்லக்கா, கேள்விதான் தப்பு" என்றார் அவர். அவர் கண் சிவந்திருந்தது. "நான் இன்னொரு தடவையும் ஓட்டினேன். எத்தனை சாவைத் தடுக்கலாம்னு கேட்டு ஓட்டினா, ஒன்பதுல உங்க மையம் முதல்ல வருது. முதல் இடம். ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போய் இயக்குநர்கிட்ட காமிச்சேன். நம்ம பணம் எச்.ஐ.வி. தடுப்புக்கு வந்த பணம், போதையால வர்ற சாவு வேற துறைன்னாரு."

"அந்தத் துறைகிட்ட போவோம்."

"போனேன். அவங்ககிட்ட இதுக்கு இன்னும் திட்டமே இல்லையாம். அறிக்கையில கடைசியா இணைப்புன்னு போட்டு அந்த ரெண்டாவது கணக்கையும் சேர்த்திருக்கேன்." யாரும் இணைப்புவரை படிக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அவர் அக்காவை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார்.

அக்கா மனு எழுதினார். டாக்டரம்மா எழுதினார். இரண்டுக்கும், தங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. வீட்டுக்காரர்கூட, தன் லிஃப்டில் தினமும் ஏறும் ஒரு பெரிய மனிதரிடம் மூன்றாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவே விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார். அவர், பாவம் என்றார், ஒன்பதாம் மாடியில் இறங்கிக்கொண்டார்.

கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தபோது, பெஞ்சின் ஓரத்தில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். கையில் ஒரு கடிதம், 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று. அதைப் படித்துவிட்டு, காரியம் ஜெயித்துவிட்டது என்று நினைத்து வந்திருக்கிறார். தலைமை அலுவலகம் நன்றி சொல்லியது, முடிவைச் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. போய்ச் சொல்ல வேண்டும் என்று தினமும் கிளம்பி, தினமும் அந்தத் தெரு முனையிலேயே திரும்பியிருந்தார்.

"ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன், நீங்க வேலையப் பாருங்க" என்றார் தையல்காரம்மா.

ஒவ்வொருவராக வந்தார்கள், மாத்திரையை வாங்கினார்கள், அதோடு அக்கா நீட்டிய மாற்றல் சீட்டையும் வாங்கி, படிக்காமல் மடித்துப் பையில் வைத்தார்கள். தையல்காரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர் பார்க்கிற மாதிரி. இருபது பேர் போவதற்குள் அக்காவால் தாங்க முடியவில்லை. ஜன்னலை விட்டு எழுந்து வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, இன்னியோட மூடறாங்க. இனிமே ஆத்துக்கு அந்தப்பக்கம் போகணும், அங்க ஒன்பதரைக்குத்தான் திறப்பாங்க. உங்க எல்லாரோட கையெழுத்தையும் வெச்சுப் பாத்துட்டாங்க. நிக்கல. நான் உங்களை ஏமாத்திட்டேன்" என்றார்.

தையல்காரம்மா கடிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். அழுவார் என்று அக்கா எதிர்பார்த்தார். அழுதிருந்தால் தேவலை. அவர் வரிசையைப் பார்த்தார். முதல் ஆளாக வந்தும் போக மனசில்லாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்த வெல்டரைப் பார்த்தார். அகலத் தோள், தெளிந்த முகம், துவைத்த சட்டை.

"அந்தத் தம்பி நல்லா தெம்பா இருக்காரே. அவராவது தப்பிச்சிடுவாரு இல்ல?"

ஆமாம் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தார். ஆனால், "தெம்பா இருக்கறவங்களை நினைச்சுத்தாம்மா பயமே" என்றார்.

தையல்காரம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் மகனும் அந்தக் கடைசி மாதங்களில் தெம்பாகத்தான் இருந்தான். எழுந்து வெல்டரிடம் போனார்.

"வேலைக்கு எத்தனை மணிக்குப் போகணும்பா?"

"எட்டு மணிக்கும்மா."

"அந்தப்பக்கம் ஒன்பதரைக்குத்தானே திறக்கறாங்களாம். உங்க முதலாளிகிட்ட நான் வந்து பேசட்டுமா? என் புள்ளைக்கு நடந்ததைச் சொல்றேன். ரெண்டு மணி நேரம் தள்ளி வரட்டும்னு கேக்கறேன். எனக்குச் சொல்லக் கூச்சம் கிடையாது, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

வெல்டர் அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா" என்றார். "நான் இங்க வர்றதே அவருக்குத் தெரியாது."